பந்து மலைப்பாம்பு: சட்டை உரிக்கும் காலப் பராமரிப்பு

பந்து மலைப்பாம்பு, மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் நஞ்சற்ற பாம்பு. விலங்கியல் பெயர் பைதான் ரீஜியஸ். மிரண்டால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டுவிடும். வளர்ந்தவை பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. நீளம் இருக்கும், நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளுள் இதுவும் ஒன்று. இதன் உடல்நலம் வெளியே தெரிவது சட்டை உரிக்கும்போதுதான்.

உரியும் முறை

பாம்பின் மேல்தோல் கெரட்டினால் ஆனது. உடல் வளரும்போது அது கூடவே வளராது. அதனால் அடியில் புதிய தோல் உருவானதும் பழையது மொத்தமாகக் கழல்கிறது. வேகமாக வளரும் குட்டிகள் அடிக்கடியும், வளர்ந்தவை நீண்ட இடைவெளியிலும் சட்டை உரிக்கும்.

முதலில் நிறம் மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் சுரப்பதால் கண்கள் நீலம் கலந்த வெண்மையாகத் தெரியும். சில நாளில் கண் மீண்டும் தெளியும். அதன்பின் சில நாள்களில் சட்டை கழலும். தொடக்கம் முதல் முடிவு வரை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். பாம்பு மூக்கைச் சொரசொரப்பான பொருளில் தேய்த்து உதட்டோரத் தோலைக் கிளப்பி, முன்னோக்கி ஊர்ந்து வெளியேறும். சட்டை உட்புறம் வெளியாகத் திரும்பி, ஒரே துண்டாகக் கிடக்க வேண்டும்.

பராமரிப்பு

இக்காலத்தில் பார்வை மங்குவதால் பாம்பு எளிதில் மிரளும். இரையையும் பெரும்பாலும் மறுக்கும். அதைக் கையில் எடுக்காமலும், இரையைத் திணிக்காமலும் இருப்பதே முதல் உதவி. வழக்கமாக 60 விழுக்காடு அளவில் வைக்கப்படும் காற்றின் ஈரப்பதத்தை 70க்கு மேல் உயர்த்த வேண்டும். ஈரமான ஸ்பேக்னம் பாசி பரப்பிய மூடிய பெட்டி ஒன்றைக் கூண்டில் வைத்தால் பாம்பு தேவைப்படும்போது உள்ளே போய்க்கொள்ளும். குடிநீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். மூக்கைத் தேய்க்க ஒரு கல்லோ மரக்கட்டையோ வேண்டும். ஆனால் தரைவிரிப்பு சொதசொதவென்று நனைந்து கிடந்தால் வயிற்றுச் செதில்களில் புண் வரும்.

உரியாமல் தங்கிய சட்டை

கழன்ற சட்டையில் இரு கண்செதில்களும் வால்நுனியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு உரிய வேண்டும். வால்நுனியில் வளையமாகத் தங்கும் தோல் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, நுனியை அழுகச் செய்யும்.

துண்டு துண்டாக உரிந்தால், ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் சுமார் 20 நிமிடம் விட்டு, பிறகு ஈரத் துணிக்குள் ஊர விடலாம். நீரில் இருக்கும் வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். உலர்ந்த தோலைப் பிய்த்தால் அடியிலுள்ள புதுத்தோல் கிழியும். கண்செதிலை வீட்டில் எடுக்க முயன்றால் கண்ணே போய்விடக்கூடும். அதை ஊர்வனவற்றில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

அடுத்தடுத்து இப்படி நேர்ந்தால் வறண்ட காற்று, நீர்ச்சத்துக் குறைவு, பாம்பு உண்ணி, பழைய காயத் தழும்பு, தொற்று ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் அடுத்த சட்டை பெரும்பாலும் தானே முழுதாகக் கழலும்.