சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைப் பாதுகாப்பு

பங்குனி ஆமை வங்கக் கடலோரத்தில் மிகுதியாகக் காணப்படும் கடலாமை இனம். தை முதல் பங்குனி வரை இரவுகளில் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டு, தோண்டிய தடம் தெரியாமல் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம். இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், சட்டத்தின் பார்வையில் புலிக்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு. சென்னைக் கரையில் இந்த ஆமைக்காகத் தன்னார்வலர்கள் மேற்கொள்ளும் பணிக்கு இப்போது அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. இந்தியாவில் பொதுமக்கள் நடத்தும் வனவுயிர்ப் பாதுகாப்பு முயற்சிகளில் மிக நீண்டு நிலைத்தவற்றுள் இதுவும் ஒன்று. கடலில் விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை வைத்தே இம்முயற்சியைப் பாராட்டுவது வழக்கம். அந்த எண்ணிக்கையைவிடப் பெரிய பயன் வேறொன்று: ஆண்டு தவறாமல் கரையில் நடந்தவர்கள் சேர்த்த கணக்கும், அந்தக் கணக்கு கரையிலிருந்து கடலை நோக்கி எழுப்பிய கேள்வியும்.

இக்கரையில் ஆமை முட்டையிடுவதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். அகநானூற்றின் 160ஆம் பாட்டு, அடும்புக் கொடி படர்ந்த வெண்மணலில் சூல் நிறைந்த ஆமை முட்டையை மறைத்துப் புதைப்பதைச் சொல்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்ற அதன் கூற்று மட்டும் இயற்கைக்கு ஒவ்வாதது. கடலாமைகளில் தாயும் காவல் இருப்பதில்லை, தந்தை கரைக்கே வருவதில்லை. ஒரு குழியில் நூற்றுக்கும் சற்று மேற்பட்ட முட்டைகள் இருக்கும். 45 முதல் 60 நாள்வரை மணலின் சூட்டில் கிடந்து அவை பொரியும். அதற்குள் நாய், நரி, காக்கை, நண்டு எதுவும் குழியைக் கண்டுபிடித்துவிடலாம். பொரித்த பிறகு, இரவில் கடற்பரப்பின் மங்கலான ஒளியைப் பார்த்து நகரும் குஞ்சு, நகரத்து விளக்கைக் கடலென்று நினைத்துச் சாலைப் பக்கம் போய்விடும். இவற்றோடு மனிதர்கள் தின்பதற்கும் விற்பதற்கும் முட்டைகளைத் தோண்டி எடுத்ததும் சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரையில் குழிகள் தப்புவதே அரிதாகிவிட்டது.

பணியைத் தொடங்கியது அரசன்று. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் 1973-74 காலத்தில் இரவுகளில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துவந்து வேலியிட்ட இடத்தில் புதைத்துப் பொரிக்கவிட்டார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர், பொறியியல் படிப்பை விட்டுவிட்டு ஆமைகளைத் தேடிக் கிளம்பியவர். அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தியக் கரையின் பெரும்பகுதியையும் லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் கால்நடையாக அளந்தார். 1982இல் லட்சத்தீவின் சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுதும் தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். நாட்டின் எந்தக் கரையில் எந்த ஆமை வருகிறது என்ற முதல் வரைபடத்தில் பெரும்பங்கு அவருடையது. 1977இல் கடலாமைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. பொரிப்பகப் பணியை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளும், 1982 முதல் மாநில வனத்துறை சில ஆண்டுகளும் ஏற்று நடத்தின. பிறகு அது நின்றுபோனது.

நின்ற இடத்திலிருந்து எடுத்து நடத்தியவர்கள் மாணவர்கள். 1988இல் கார்த்திக் சங்கர் உள்ளிட்ட இளைஞர்கள் சிலர் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றுவரை நடக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் தொடங்கும் நடை பெசன்ட் நகரில் முடிகிறது. நடப்பவர் கண் மணலில் இருக்கும். ஆமை ஏறி இறங்கிய சுவடு, துடுப்புகள் மாறிமாறி வாரியதால் சிறிய டிராக்டர் ஒன்று போய்த் திரும்பியதைப் போல இருக்கும். இரு சுவடுகளும் சேரும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். அங்கே ஒரு கம்பை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். கெட்டித்த மணல் கம்பைத் தடுக்கும், குழியின் மேல் மட்டும் அது சட்டென்று இறங்கும். பிறகு கையால் தோண்ட வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்துக் குறுகி வயிறு அகன்ற பானையைப் போன்ற பள்ளத்தில் முட்டைகள் கிடக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் குலுக்காமல் அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் புதைக்க வேண்டும். தாமதித்தால் வளரும் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் முட்டையைப் புரட்டினால் இறந்துவிடும். கண்டெடுத்த இடம், தேதி, முட்டை எண்ணிக்கை, பொரித்த எண்ணிக்கை எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். கரையில் ஒதுங்கிய செத்த ஆமையும் அதே குறிப்பேட்டில் ஏறும்.

இம்முறையின் மேல் முதல் ஆட்சேபம் உயிரியலாளர்களுடையது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது: ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் மிகும். எல்லா முட்டைகளையும் வெயில் காயும் ஒரே வேலிக்குள் புதைத்தால், ஒரு தலைமுறையின் பால் விகிதத்தையே மனிதர் திருத்துவதாகிவிடாதா? ஆட்சேபம் நியாயமானது. முட்டையை ஆமை இட்ட இடத்திலேயே விட்டுக் காப்பதே சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நாய்க் கூட்டமும் விளக்கும் நிறைந்த பெருநகரக் கரையில் விடப்பட்ட குழியின் கதி முன்பே தெரிந்ததுதான். பால் விகிதம் சாய்ந்த குஞ்சுகளா, குஞ்சுகளே இல்லாமையா என்று கேட்டால், கோடை முற்றும்போது மேலே நிழல் கட்டி மணலின் சூட்டைத் தணிக்கும் பொரிப்பகமே பொறுப்பான விடை. மாற்றிடப் பொரிப்பகம் கடைசி வழியாக இருக்கட்டும். குழிகள் பாதுகாப்பாக இருக்கக்கூடிய ஆளில்லாக் கரைகளிலும் அதையே செய்வதுதான் தவறு.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 1987இல் டெபோரா கிரௌஸ், லாரி கிரௌடர், ஹால் காஸ்வெல் ஆகியோர் அமெரிக்கக் கரையின் பெருந்தலை ஆமைகளை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டனர். முட்டைகள் அனைத்தையும் காத்தாலும், வளர்ந்தவையும் வளர்ந்து வருபவையும் கடலில் தொடர்ந்து மடியுமானால் அந்த இனம் மீளாது என்று அது காட்டியது. பெரிய ஆமைகளின் சாவைக் குறைப்பதே விரைந்து பயன் தரும். பங்குனி ஆமை இனம் பெருக்கத் தொடங்கவே பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பதால் இக்கணக்கு அதற்கும் பொருந்தும். இங்கு பெரிய ஆமைகளைக் கொல்வது இழுவைமடி. நுரையீரலால் மூச்சு விடும் ஆமை, மணிக்கணக்கில் இழுபடும் மடிக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் சாகும். அப்படியானால் கரையில் முட்டையைப் பொறுக்கிக்கொண்டிருப்பது மனநிறைவுக்கான வேலைதானே என்று கேட்கலாம். கரையில் நடந்தவர்கள் முட்டையை மட்டும் எண்ணியிருந்தால் இந்த வாதம் வென்றிருக்கும். கடலுக்குள் ஆமை சாவதைக் கரையிலிருப்பவர் எவரும் பார்ப்பதில்லை. ஒதுங்கும் உடல்களை ஒரே கரையில், ஒரே முறையில், ஆண்டுதோறும் எண்ணினால்தான் எந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல முடியும். 2025 ஜனவரியில் சில வாரங்களுக்குள் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அது இயல்பான இழப்பு அல்ல என்று உடனே உரைக்க முடிந்தது இப்படித்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அரசுத் துறைகள் கடலில் ரோந்தைக் கூட்டின. குஞ்சுகளுக்காகத் தொடங்கிய நடைதான், பெரிய ஆமைகளின் சாவுக்கான சான்றைத் திரட்டித் தந்தது.

நகரத்து மாணவர்கள் ஆமைக்காக மீனவரின் பிழைப்பில் கை வைக்கிறார்கள் என்பது மூன்றாவது ஆட்சேபம். ஒடிசாவில் இதற்கு அடிப்படை இருந்தது. 1997இல் கஹிர்மாதா கடல் சரணாலயம் ஆனபிறகு சிறு படகு மீனவர்களும் கெடுபிடிக்கு ஆளாயினர். 2004இல் மீனவர் அமைப்புகளும் பாதுகாப்பு ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைக்க வேண்டிவந்தது. தமிழகத்தில் நிலைமை சற்று வேறு. கரையோரக் கடலைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கி விசைப்படகுகளை வெளியே நிறுத்தும் விதி 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் வேர் கொண்டது. ஆமையை நினைத்து அதை எழுதவில்லை, கட்டுமர மீனவருக்கும் இழுவைப் படகுக்கும் நடந்த மோதல் எழுத வைத்தது. இன்று 5 கடல் மைல் எனப்படும் அந்த எல்லைக்குள்தான் முட்டையிட வரும் ஆமைகளும் கூடுகின்றன. ஆகவே ஆமையின் நலனும் ஃபைபர் படகுக்காரரின் நலனும் இங்கு ஒரே விதியை நம்பியிருக்கின்றன. 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே கடல் காப்பாளர்களாக்கியது இந்தப் பொது நலனை உணர்ந்துதான். இழுவைப் படகுக்காரர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மடியில் சிக்கும் ஆமையை வெளியேற்றும் ‘ஆமை விலக்கி’ என்ற கருவியைப் பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுக்க, இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி 1998இல் தீர்ப்பும் வந்தது. வெளிநாட்டு நிர்ப்பந்தமாகப் பார்க்கப்பட்டதால் அக்கருவி மீனவரிடம் அன்று வேர்பிடிக்கவில்லை. மடியின் கழுத்தில் கம்பிச்சட்டம் வைத்து ஆமைக்கு வெளியேற வழி விட்டால், அதே வழியில் மீனும் இறாலும் தப்பும் என்பது அவர்கள் அச்சம். அந்த இழப்பை அரசு ஈடுசெய்யாமல் கருவியை மட்டும் திணிப்பது சரியன்று.

முட்டையிடும் மணலும் நிலையானதல்ல. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் கொளாவிப்பாலத்து மீனவ இளைஞர்கள் 1992 முதல் ஆமை காத்தார்கள். அருகிலுள்ள கழிமுகத்தில் மணல் அள்ளியதும் அரிப்பும் கரையைத் தின்ன, காக்கக் குழிகளே அருகிப்போயின. சென்னையில் மணல் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் அதிகம். பெசன்ட் நகர்க் கரையின் உயர்கோபுர விளக்குகளை ஆமைக் காலத்தில் இரவில் அணைத்துவைக்கத் தன்னார்வலர்கள் மாநகராட்சியிடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. கடலில் இதைவிடப் பெரிய பொருத்தமின்மை ஒன்று இருக்கிறது. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. மீன்வளத்துக்காக வகுத்த காலம் அது. ஆமைகள் கரையை ஒட்டித் திரளும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை விசைப்படகுகளைத் தடுக்க முதன்மையாக இருப்பது அந்த 5 மைல் விதி. அதை நடைமுறைப்படுத்துவது மீன்வளத் துறையின் ரோந்துப் படகுகளின் கையில் இருக்கிறது.