சவுக்கு: ஊசியிலை வேடம் போட்ட மரம்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் வழியில் புதுச்சத்திரத்தில் கிழக்கே திரும்பி, சாமியார்பேட்டைக் கரைக்குப் போகிறவர்களை வரவேற்பது சவுக்குத் தோப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் ஜப்பானிய மலைச்சரிவில் நிற்கும் சுகி எனும் ஊசியிலை மரங்களோ என்று தோன்றும். எந்தப் பருவத்திலும் பச்சை, ஊசி போன்ற இலை, கூம்பு போன்ற காய்.

கிட்டப் போய் ஒரு மிலாறை ஒடித்தால் வேடம் கலைந்துவிடும். ஊசி என்று நினைத்தது இலையே அல்ல, மெல்லிய பச்சைத் தண்டு. இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் ஆறேழு நுண்ணிய செதில்கள் வட்டமாக நிற்கும், அவைதான் இலைகள். கூம்பு மாதிரி இருப்பதும் காய்க்கொத்துதான். சவுக்கு பூக்கும் தாவரம், பைனுக்குச் சொந்தமில்லை.

ஆனால் பெயர் வைத்தவர்கள் பலர் அந்த வேடத்தில் ஏமாந்தார்கள். பாரசீகத்தில் ‘சர்வ்’ என்றால் சைப்ரஸ். இந்தியில் சவுக்குக்கு ‘ஜங்லி சரு’, அதாவது காட்டு சைப்ரஸ். தெலுங்கின் ‘சர்வி’, கன்னடத்தின் ‘சர்வே’ இரண்டிலும் அதே ஒலி. ஆங்கிலமும் சும்மா இருக்கவில்லை, ‘ஆஸ்திரேலியப் பைன்’ என்றது.

அறிவியல் பெயர் வைத்தவர்கள் பார்வை வேறு. தொங்கும் கொப்பில் அவர்கள் கண்டது கசுவாரிப் பறவையின் இறகை. ‘காசுவரினா’ என்ற பெயர் அந்தப் பறவையின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது. ஜப்பானியர் இதை ‘மொகுமாவோ’ என்கிறார்கள். ‘மாவோ’ என்பது எபெட்ரா, கணுக்கணுவான பச்சைத் தண்டுள்ள மருந்துச்செடி. ஊசியிலை மரங்கள் மலிந்த நாட்டில் இதைப் பைன் என்று சொல்லாமல் கணுவைக் கவனித்திருக்கிறார்கள். தமிழில் சவுக்கு என்றால் சாட்டையும்தான். அந்தச் சொல் பாரசீக ‘சாபுக்’கின் வழி வந்தது. காற்றில் வீசும் மிலாறைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் படுகிறது.

சங்கப் பாட்டில் இதைத் தேட வேண்டாம். சென்னை மாகாணக் கரையில் இது பெருகியது 19-ஆம் நூற்றாண்டில், ரயில் இன்ஜினுக்கு விறகாக. பிறகு பந்தக்கால், கட்டடச் சாரம், இப்போது காகிதக்கூழ். வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் வெறும் மணலிலும் நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். 2004 சுனாமியில் கடலூர்க் கரையின் அலையாத்தியும் சவுக்கும் அலையின் வேகத்தைத் தணித்ததை 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

ஆகவே தோப்பில் படமெடுத்து ‘பைன் காடு’ என்று போடுகிறவர்கள், முதலில் ஒரு கணுவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதலாம்.