வீழ்ந்தவர் மீளும் ஆடுகளம்

தை பிறந்து, அறுவடை முடிந்த கழனிகள் ஓய்வெடுக்கும் நாள்களில் கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கல்வராயன் மலையடிவாரம் நோக்கிச் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். களத்துமேட்டிலோ பள்ளித் திடலிலோ சுண்ணாம்புக் கோடுகள் இழுக்கப்பட்டிருக்கும். கோட்டின் இருபுறமும் எவ்வேழு இளைஞர். சுற்றிலும் ஊரே திரண்டிருக்கும். நம் தாத்தாக்கள் சடுகுடு என்றழைத்த கபடிதான் அது. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காலணியும் வேண்டாம். மண்ணும் மூச்சும் போதும். அதனாலேயே ஏழை எளியோரின் ஊர்களில் அது வேரூன்றி நின்றது.

இவ்விளையாட்டில் நம்மை எப்போதும் ஈர்த்து வந்த விதி ஒன்றுண்டு. பாடிச் செல்பவர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் தம் எல்லைக்குத் திரும்பிவிட்டால், தொடப்பட்டவர் வெளியேற வேண்டும். திரும்ப முடியாமல் பிடிபட்டால், பாடிச் சென்றவர் வெளியேற வேண்டும். ஆனால் வெளியேறியவரின் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. அவர் கோட்டுக்கு வெளியே அமர்ந்து காத்திருப்பார். தம் அணித் தோழர் ஒருவர் எதிரணியில் ஒருவரை வெளியேற்றியதும், இவர் எழுந்து மீண்டும் களத்துக்குள் வருவார். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் வெளியேறியவரே முதலில் திரும்புவார். ஒருவர் பெறும் வெற்றி, வீழ்ந்து கிடக்கும் சகோதரர் ஒருவரை எழுப்புகிறது. இவ்விதியின் ஆழத்தை நமக்கு உணர்த்தியது 2022ஆம் ஆண்டில் தமிழ் தலைவாஸ் அணி ஆடிய ஆட்டப் பருவம். அவ்வரலாற்றை ஈண்டுச் சற்றே நினைவுகூர்வோம்.

கிராமத்து மண்ணில் வளர்ந்த கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாக ஏற்கப்பட்டது. அங்குத் தங்கம் வென்ற இந்திய அணியில் நம் தமிழகத்து ராஜரத்தினமும் இருந்தார். 1994இல் ஹிரோஷிமாவில் வென்ற அணியில் மணத்தி கணேசன் ஆடினார். 2016இல் உலகக் கோப்பை வென்ற அணியில் தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் இடம்பெற்றார். இதற்கிடையே 2014இல் புரோ கபடி லீக் என்னும் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. மண் தரையின் இடத்தை மெத்தை விரிப்பு பிடித்தது. ஊர்ப் பெரியவர் தரும் பரிசுக் குடத்தின் இடத்தை ஏலத் தொகை பிடித்தது.

தமிழ் தலைவாஸ் இப்போட்டியில் நுழைந்தது 2017இல். புகழ்பெற்ற வீரர் அஜய் தாக்கூர் தலைவரானார்; அனுபவம் மிக்க காசிநாதன் பாஸ்கரன் பயிற்சியாளரானார். ஆயினும் முதல் இரண்டு பருவங்களிலும் தன் பிரிவில் கடைசி இடமே கிட்டியது. 2019இல் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாம் இடம். அடுத்த பருவத்தில் பதினொன்றாம் இடம். பெரிய பெயர்கள் வந்தன, போயின. நிலைமை மட்டும் மாறவில்லை.

2022 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் அணியினர் துணிந்து ஒரு முடிவெடுத்தனர். நாட்டின் தலைசிறந்த ரெய்டர்களுள் ஒருவரான பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தனர். அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் அத்தொகை தரப்பட்டதில்லை. இனித் துயரம் தீர்ந்தது என்றே இரசிகர் யாவரும் எண்ணினர்.

அக்டோபர் 8ஆம் நாள் பெங்களூரில் முதல் ஆட்டம், எதிரணி குஜராத். அவ்வணியின் தலைவரோ தமிழகத்தைச் சேர்ந்த சந்திரன் ரஞ்சித். பாடி வந்த அவரைப் பிடிக்க முயன்ற பவன் முழங்காலில் அடிபட்டு வீழ்ந்தார். களத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டவர் அப்பருவத்தில் மீண்டும் ஆடவேயில்லை. ஆட்டம் 31-31 எனச் சமனில் முடிந்தது. அதன்பின் அடுத்தடுத்துத் தோல்விகள். பயிற்சியாளர் ஜே. உதயகுமாரும் விலக, ஆஷன் குமார் பொறுப்பேற்றார். கப்பல் துறைமுகம் தாண்டுமுன்னே பாய்மரம் முறிந்த கதையாயிற்று.

அந்த வாரங்களில் நம் ஊர் இளைஞர் சிலருடன் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். "சாமி, இந்த வருசமும் கடைசிதான்" என்றான் ஒருவன். நமக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் நடந்தது வேறு. அதுவரை அதிகம் அறியப்படாத நரேந்தர் கண்டோலா என்னும் அரியானா இளைஞர், தம் முதல் பருவத்திலேயே 243 ரெய்டுப் புள்ளிகள் குவித்தார். அஜிங்க்யா பவார் தோள் கொடுத்தார். சாகர், சாகில், மோகித், தமிழகத்து அபிஷேக் முதலிய இளம் பிடிவீரர்கள் அரணாய் நின்றனர். ஒருவரை நம்பியிருந்த அணி, ஒருவரையொருவர் நம்பக் கற்றது. 66 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்று, முதன்முறையாக அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. டிசம்பர் 13ஆம் நாள் மும்பையில் உத்தரப் பிரதேச யோதாஸ் அணியுடன் ஆடிய ஆட்டம் 36-36 எனச் சமனாகி, ஐந்தைந்து ரெய்டுகள் கொண்ட முடிவாட்டத்தில் 6-4 என வெற்றி கிட்டியது.

இரு நாள் கழித்து நடந்த அரையிறுதியில் புனேரி பல்தான் 39, தமிழ் தலைவாஸ் 37. இரண்டே புள்ளிகளில் பயணம் முடிந்தது. டிசம்பர் 17இல் கோப்பையை ஏந்தியது ஜெய்ப்பூர் அணி. எனவே இது கோப்பை வென்றவர்களின் வரலாறன்று. எனினும், ஆண்டுதோறும் அடித்தட்டில் கிடந்த அணி, தன் தலைவனை இழந்த ஆண்டில்தான் எழுந்து நின்றது என்பதை மறக்கலாகாது.

வீழ்ந்த தலைவர் என்னவானார்? ஓராண்டு நிறைய ஒரு நாள் குறைவாக, 2023 அக்டோபர் 7இல், சீனத்தின் ஹாங்சோ நகரில் இந்திய அணியின் தலைவராக நின்றார் பவன். 2018இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் அரையிறுதியில் தோற்று இந்தியா இழந்திருந்த தங்கம், அதே ஈரானை இறுதியில் வென்றதால் மீண்டது. முதலில் வெளியேறியவர் முதலில் திரும்புவார் என்னும் விதி களத்துக்கு வெளியேயும் மெய்யானது போல் அன்று நமக்குத் தோன்றியது.

இவ்விளையாட்டு வரலாற்றைக் கள்ளக்குறிச்சி மண்ணில் நின்று நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் இந்நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டோருள் பலர் அன்றாடக் கூலிக்குச் செல்லும் எளியோர். நம் மலையின் பெயரும் சாராயத்தோடு சேர்த்தே நாளிதழ்களில் அடிபட்டது. மாண்டவரை எழுப்பும் விதி எந்த ஆடுகளத்திலும் இல்லை. ஆனால் அவர்தம் பிள்ளைகள் இருக்கிறார்கள். குடிக்கு அடிமையாகி இன்னும் மாளாதிருக்கும் தந்தையர் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பவர்களே அன்றி, ஆட்டத்தை விட்டு விலக்கப்பட்டவர்கள் அல்லர்.

நாமோ வீழ்ந்தவனைப் பார்த்து, "அவன் கதை முடிந்தது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அல்லது, எல்லாரையும் கரையேற்ற எங்கிருந்தோ ஒரு பெரிய மனிதர் வருவார் எனக் காத்திருக்கிறோம். தலைவாஸ் அணியும் அவ்வாறே பல ஆண்டுகள் காத்திருந்தது. அது எழுந்ததோ, பெயர் தெரியாத பிள்ளைகள் ஆளுக்கொரு புள்ளியாய்ச் சேர்த்த போதுதான்.

தந்தையை இழந்த சிறுவனைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவர், குடியை விட முயல்பவனோடு மாலை வேளையில் துணையிருக்க ஒருவர், ஊர்த் திடலைக் குப்பைமேடாகவும் குடிப்போர் கூடும் இடமாகவும் ஆகாமல் காக்க நாலு பேர்: நம் பங்குக்கு உரிய புள்ளிகள் இவையே. வரும் தையில் அத்திடலில் கோடு போடுகையில், வெளியே அமர்ந்திருப்போர் யார் யார் என்று நாமும் சற்றே எண்ணிப் பார்ப்போமா?