உறுதியும் சேனைக்காரனும்

காணி உறுதிகளை மின்னணுப் பதிவேட்டில் ஏற்றும் காலம் இது. நல்லதே, ஆயினும் ஏற்றுவதற்கு உறுதி வேண்டுமன்றோ?

செங்கலடியிலிருந்து பதுளை செல்லும் வீதியிலுள்ள கரடியனாற்றில் நின்று நோக்குவோமாயின், இக்கேள்வியின் வேர் 1840ஆம் ஆண்டிற் கிடப்பது புலனாகும். அவ்வாண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிடாத காணி விற்பனை செல்லாது என்றது. அதே ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமோ காட்டையும் தரிசையும், சில ஆண்டுகள் இடைவிட்டுப் பயிரிடும் சேனையையும், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. வாய்ச்சொல்லால் மண்ணைப் பெற்றவனிடம் ஏது சான்று? நிலத்தை ஆறப்போட்ட அவனது உழவறிவே அவனுக்கு எதிர்ச்சாட்சியாயிற்று!

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் குடியானவனுக்கு அனுமதிப்பத்திரம் அளித்தது. விருப்பம்போல் விற்கும் உரிமையை அளிக்கவில்லை. வட்டிக்காரனிடமிருந்து அவனை அது ஓரளவு காத்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது.

பின்னர் போர் வந்தது. 1983 முதல் 2009 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் தம் காணியை அணுக இயலாதோர்க்கு எதிராகப் பிறரின் அனுபோகம் கணக்கிடப்படலாகாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. பெட்டியோடு உறுதி எரிந்தவனுக்குப் பதிவகத்தின் பிரதியே துணை. அப்பிரதியை மின்னணுவிற் காப்பதை நாம் வரவேற்கிறோம். பழைய ஏட்டிலேயே பெயரேறாத சேனைக்காரனின் வாரிசுக்கு எந்தப் பிரதியை எடுத்துக் கொடுப்பார்கள்?