கொழும்பில் வாடகைக் குடியிருப்பும் சட்டத்தின் காவலும்

இலங்கையில் வாடகைக் குடியிருப்பாளரைக் காக்கும் சட்டம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்தது. கட்டடப் பொருட்கள் வருவது அருகி, கொழும்பில் வீட்டுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட வேளையில், 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தற்காலிக ஏற்பாடாக வந்த அதன் இடத்தில் 1948இல் புதிய சட்டமும், 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன.

இந்த மூன்றாவது சட்டமே குடியிருப்பாளருக்குப் பெரும் அரணாயிற்று. சட்டம் ஏற்றுக்கொண்ட காரணமின்றி அவரை வெளியேற்ற முடியாது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக் கூடாது. அவர் இறந்தாலும் உடனிருந்த மனைவியோ பிள்ளையோ அந்த உரிமையைத் தொடரலாம். மறு ஆண்டு, வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமன் காலத்தில், வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் வந்தது. வாடகை கொடுத்து வந்த வீட்டுக்கே உரிமையாளராகும் வாய்ப்புப் பலருக்குக் கிடைத்தது.

ஆனால் இந்தக் காவல் பெரிதும் அன்று வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே பயன்பட்டது. வாடகைக்கு விட்டால் வீடு திரும்பி வராது என்ற அச்சம் உரிமையாளரைப் பற்றிக்கொண்டது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. 'கீ மணி' என்ற கள்ளப் பணம் கைமாறியது. வாடகை வழக்குகள் தந்தை காலத்தில் தொடங்கி மகன் காலத்திலும் நடந்ததைப் பத்திரிகையாளனாக நான் பார்த்திருக்கிறேன். 1980இல் வந்த திருத்தம் புதிய வீடுகள் பலவற்றைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது.

1983இன் பின்னர் வடக்கு, கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழர் இந்தக் காவலுக்கு வெளியிலேயே நின்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அனெக்ஸ் ஒன்றுக்கு ஓராண்டு, ஈராண்டு வாடகையை மொத்தமாகக் கொடுத்தார்கள். அதற்கு வசதியற்றவர்களுக்கும், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களுக்கும் லொட்ஜ்களே கதியாயின. லொட்ஜில் தங்குபவர் சட்டத்தின் கண்ணில் வாடகைக் குடியிருப்பாளரே அல்லர். பொலிஸ் பதிவுத் துண்டுதான் அன்று அவருடைய உறுதிப் பத்திரமாக இருந்தது.

அந்தத் துண்டின் பெறுமதி 2007 ஜூன் 7ஆம் திகதி தெரிந்தது. அதிகாலையில் லொட்ஜ்களுக்குள் நுழைந்த பொலிஸார், 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஏற்றிச் செல்லப்பட்டவர்களில் பலர் மீண்டும் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர்.

அன்று அவர்களைக் காத்தது வாடகைச் சட்டம் அன்று. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பாளரை வீட்டுக்காரரிடமிருந்து மட்டுமே காக்க எழுதப்பட்டது. கதவைத் தட்டுவது அரசாகவும் இருக்கலாம் என்பதை அது எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அந்த லொட்ஜ்களில் சில மாதங்களேனும் வாழ்ந்து கடல் கடந்த வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.