தண்ணீர் குடிக்கப் பயந்த பெண்கள்

1959-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேத்தரின் ஹாம்லினும் நியூசிலாந்துக்காரரான அவருடைய கணவர் ரெஜினால்டும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் வந்திறங்கினார்கள். இருவரும் மகப்பேறு மருத்துவர்கள். இளவரசி செஹாய் மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்குவது அவர்கள் ஏற்றிருந்த வேலை. ஒப்பந்தம் மூன்றே ஆண்டு. ஆனால், அங்கு வந்து சேர்ந்த ஒருவகை நோயாளிகள் அவர்களை அந்த நாட்டிலேயே தங்க வைத்துவிட்டார்கள்.

அந்த நோய் பேறுகால ஃபிஸ்டுலா. மருத்துவ வசதி எட்டாத ஊர்களில் சிக்கலான பிரசவம் நாள்கணக்கில் நீளும். குழந்தையின் தலை, தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்தியபடியே இருக்கும். ரத்த ஓட்டம் நின்று சதை அழுகி, சில நாளில் அங்கே ஓட்டை விழும். பெரும்பாலும் குழந்தை இறந்தே பிறக்கும். தாய்க்கோ அன்று முதல் இரவு பகலாகச் சிறுநீர் ஒழுகும்.

இது ஒரு நோய் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. கடவுள் கொடுத்த தண்டனை என்று நம்பினார்கள். நாற்றத்தைக் காரணம் காட்டிக் கணவர்கள் கைவிட்டார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் குடிசையில் தள்ளினார்கள். பேருந்தில் ஏறினால் சக பயணிகள் இறக்கிவிடச் சொன்னார்கள். குடித்தால்தானே ஒழுகும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்ட பெண்களுக்குச் சிறுநீர் இன்னும் கடுத்து, தொடை புண்ணாகி எரிந்தது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து வந்தவள், மருத்துவமனையில் தன்னைப் போலவே இன்னும் பலர் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

இந்த நோய்க்கான அறுவை சிகிச்சை புதிதல்ல. 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில் மருத்துவர் மரியன் சிம்ஸ் அதற்கு வழி கண்டார். மயக்க மருந்தில்லாமல், அனார்ச்சா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் உடலில் திரும்பத் திரும்பக் கத்தி வைத்துக் கண்ட வழி அது. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. வளர்ந்த நாடுகளில் சிசேரியன் பரவியதும் இந்த நோய் அருகிப்போனது. எத்தியோப்பியக் கிராமங்களுக்கு அந்த வசதி போய்ச் சேரவில்லை.

1974-ல் ஹாம்லின் தம்பதி இந்த நோய்க்கென்றே தனி மருத்துவமனை திறந்தார்கள். ஓட்டையைத் தைத்த பிறகு சுமார் இரண்டு வாரம் சிறுநீர் வடியக் குழாய் பொருத்தியிருப்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் தையல் பிரிந்துவிடும். அதனால் செவிலியர்கள் வலியுறுத்தியது ஒன்றைத்தான்: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடிக்கவே அஞ்சியவர்களுக்கு அதுவே மருந்தாயிற்று. குணமானவர்கள் புது உடை உடுத்திக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

ஹாம்லின் தம்பதியிடம் நோயாளியாக வந்தவர்களில் சிலர் உதவியாளர்களாகத் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் மாமித்து காஷே. பதின்வயதில், பள்ளிக்கூடமே பார்க்காத கிராமத்துப் பெண்ணாக வந்தவர், அறுவை அரங்கில் கருவிகள் எடுத்துக் கொடுத்துப் பழகி, பிறகு தாமே அறுவை செய்யக் கற்றார். பயிற்சிக்கு வந்த மருத்துவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். ஒழுகலின் அவமானத்தை உடம்பால் அறிந்தவர் பக்கத்தில் நின்று தைரியம் சொல்லும்போது, புதிதாக வந்தவள் வாய் திறந்து பேசினாள்.

ஓட்டை அடைபட்டாலும் சிலருக்குக் கசிவு நிற்பதில்லை. அப்படி ஊர் திரும்ப முடியாதவர்களுக்காக ‘தெஸ்தா மெந்தர்’ என்ற குடியிருப்பு உருவானது. நோயை வரும்முன் தடுக்க 2007-ல் மருத்துவச்சிகளுக்கான கல்லூரியும் தொடங்கியது. கிராமப்புறப் பெண்களே அங்கே படித்துவிட்டுத் தங்கள் வட்டாரத்துக்குத் திரும்புகிறார்கள். பிரசவம் சிக்கலாகும் அறிகுறி தெரிந்தவுடன் கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.