சந்தா எங்கே போனது? ஜப்பான் அடுக்ககங்களின் கதை



மகளிர் சங்கத்தின் மாதச் சந்தாவைக் காணோம். வீட்டுக்கு வீடு "நாங்கள் கொடுத்துவிட்டோமே" என்கிறார்கள். தலைவி வீட்டிலோ புது வாஷிங் மெஷின் வந்திறங்கியிருக்கிறது. பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்! கடைசியில், பணத்தை வாங்கி வைத்த வீட்டுப் பாட்டி அதைச் சொல்ல மறந்திருந்தது தெரிகிறது.

பயப்படாதீர்கள், இது நம் வளாகத்துக் கதை இல்லை. டோக்கியோ புறநகர் வாழ்க்கையை வைத்து யசுஜிரோ ஓஸு 1959-இல் எடுத்த 'ஒஹாயோ' (காலை வணக்கம்) படத்தில் வருவது.

அந்தக் காலத்தில்தான் ஜப்பானில் அடுக்குமாடி வாழ்க்கை பரவியது. போரில் குண்டுவீச்சால் நகரங்கள் எரிந்து, வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1955-இல் அரசு வீட்டு வசதிக் கழகத்தைத் தொடங்கி, 'தாஞ்சி' எனப்படும் கான்கிரீட் குடியிருப்புகளைக் கட்டியது. இரண்டு அறை, சாப்பாட்டு மேசை போடும் அளவுக்குச் சமையலறை, சொந்தக் குளியலறை. உண்ணும் இடமும் உறங்கும் இடமும் தனித்தனியானதே அன்று பெரிய மாற்றம். வீடு கிடைக்கக் குலுக்கலில் பெயர் விழவேண்டும். 1960-இல் பட்டத்து இளவரசர் அகிஹிதோவும் மிச்சிகோவும் ஹிபாரிகஓகா தாஞ்சிக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் கூடவே வந்தது: பூட்டிக்கொள்ளக்கூடிய இரும்புக் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதை எழுத்தாளர்கள் சீக்கிரமே கவனித்துவிட்டார்கள். கோபோ அபேயின் 1967 நாவலான 'எரிந்துபோன வரைபடம்', தாஞ்சியில் வசித்த ஒருவர் காணாமல் போவதைப் பற்றியது. தேடப் போகும் துப்பறிவாளரும் மெல்லத் தன்னையே தொலைக்கிறார். கட்சுஹிரோ ஒடோமோவின் 'தோமு' சித்திரக்கதையில், பெரிய தாஞ்சி ஒன்றில் மர்மச் சாவுகள் தொடர்கின்றன. காரணம், யாரும் கண்டுகொள்ளாத ஒரு முதியவர்.

கற்பனைதானே என்று விட்டுவிட முடியவில்லை. 2001-இல் மட்சுதோ நகரின் தொகிவாதைரா தாஞ்சியில், இறந்து மூன்று ஆண்டுகளான ஒருவரின் உடல் அவர் வீட்டிலேயே கண்டெடுக்கப்பட்டது. வாடகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதன்பின் அங்குள்ள குடியிருப்போர் சங்கமே களத்தில் இறங்கியது. செய்தித்தாள் வாசலில் குவிந்தால் தகவல் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். தனியாக வாழ்பவர்கள் வந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் திறந்தார்கள்.

நாமும் மெயின்டெனன்ஸ் பணத்தை வங்கி வழியாகத்தானே கட்டுகிறோம். பணம் வருகிறது என்பதால் ஆள் நலம் என்று ஆகிவிடாது. உங்கள் தளத்தில் தனியாக இருப்பவர் யார்? இன்று மாலை ஒருமுறை அவர் கதவைத் தட்டிப் பாருங்கள்.